கோழிக்கு எந்த எழுத்து?

எங்க ஊரு பேரு கோழிப்பாறைங்க. பேருல மட்டுந்தான் கோழி. என்ற ஊட்டுக்குள்ள கோழி வந்து ஒன்றரை மாசமாச்சு.

காரணம் கொலஸ்ட்ரால். டாக்டர் சொன்னது ஒரு மாசம். என்ற ஊட்டுக்காரி சிவசங்கரி அதை ஆயுசுக்கும்னு மாத்திப்போட்டா. "ஏன் அம்மிணி, அவரு ஒரு மாசம்னுதானே சொன்னாரு?"ன்னு கேட்டேன். "அவருக்கு உங்களைப் பத்தி ஒரு மாசமாத்தான் தெரியும், எனக்கு இருவத்திரெண்டு வருசமாத் தெரியும்"னு சொல்லிட்டா. அதுக்கு மேல நான் யாருகிட்டப் போயி அப்பீல் பண்றது?

ஆனா நான் சொல்ல வந்தது கோழிக் கதை இல்லீங்க. என்ற பிரச்சனை அதைவிடப் பெருசு. கண்ணாலமாகி இருவத்திரெண்டு வருசத்துல எனக்குன்னு ஒரு ரகசியங் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வந்து மாமனார் ஊட்டுலயே தங்கிப்போன ஆளு நானு. பேரு சென்னியப்பன். வேலை, கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில ஸ்டோர்கீப்பர். கம்பெனியில ஆயிரத்து எட்டு சாவி என்ற கையில. ஊட்டுல ஒரு சாவி கிடையாது. பீரோ சாவி அவகிட்ட. வண்டிச் சாவி அவகிட்ட. என்ற போனைத் திறக்கக் கோடு இழுக்கறோமில்லீங்களா, அதை என்னைவிட வேகமா அவ இழுப்பா. நான் தூக்கத்துல ஒளறுனது என்னன்னு காலைல அவ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒரு நா சாயங்காலம் ஒரு சபதம் எடுத்தனுங்க. சாகறதுக்குள்ள இந்த ஊட்டுல ஒரே ஒரு சமாச்சாரமாவது எனக்கு மட்டுந் தெரிஞ்சதா இருக்கோணும். ஒண்ணே ஒண்ணு!

சுத்தியும் பாத்தேன். முன்ரூம்புல கம்ப்யூட்டர் இருந்துச்சு.

அதைப் பத்திச் சொல்லிப்போடறேன். எங்க ஊட்டு முன்ரூம்புலதான் ஊரோட பால் சென்டர். சங்கரிதான் அதுக்கு செக்ரட்டரி. ஆறு வருசமாப் பாக்கறா. காலைலயும் சாயங்காலமும் முப்பத்தெட்டு ஊட்டுக்காரங்க பால் கொண்டாந்து ஊத்துவாங்க. பால்ல எத்தனை கொழுப்பு இருக்குதுன்னு பாக்க ஒரு மெஷின். அந்த மெஷின் சொல்றதை வாங்கி சிலிப் அடிக்கக் கம்ப்யூட்டர். ஊட்டுல இருக்கற மத்தவங்க கொழுப்பைப் பாக்க மெஷின் தேவையில்ல, சங்கரியே போதும்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ற பேருல இருக்குதுங்க. அதை மாட்ட வந்தவங்க "யாரு பேருல போடறது?"ன்னு கேக்க, மாமனார், "மாப்ள பேரு போடுங்க, அவருக்கும் எதாச்சும் இருக்கட்டும்"னாரு. அந்த ஊட்டுல என்ற பேருல இருக்கற ஒரே சொத்து அதுதான். அதுக்கும் பாஸ்வேர்டு சங்கரி பேருதான்.

மாத்திப்போட்டேன்! சாயங்காலப் பாலெல்லாம் அளந்து முடிச்சு அவ சமையக்கட்டுக்குப் போனதும், உக்காந்து மாத்திப்போட்டேன். புதுப் பாஸ்வேர்டு என்ன வெக்கறதுன்னு ரொம்ப யோசிக்கல. ஒன்றரை மாசமா எந்நேரமும் மனசுல இருக்கறது எதுவோ அதை வெச்சேன். கோழிக்குழம்பு. இங்கிலீசு எழுத்துல. ரெண்டு தடவை கேட்டுச்சு, ரெண்டு தடவையும் அடிச்சேன். மாத்தியாச்சுன்னு காட்டுச்சு. அப்பிடியே கம்ப்யூட்டரை அமத்திட்டு நாற்காலியில சாஞ்சு உக்காந்தேன். நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க.

"என்னத்துக்குங்க தனியா உக்காந்து சிரிக்கறீங்க?"ன்னு உள்ளயிருந்து கேட்டா.

"சும்மாதான் அம்மிணி."

"சும்மா சிரிக்கற ஆளில்லையே நீங்க."

மறுநா காலைல அஞ்சே முக்காலுக்கெல்லாம் வாசல்ல கேனுச் சத்தம். நான் காப்பித் தம்ளரோட முன்ரூம்பு கதவோரமா நின்னுக்கிட்டேன். இப்ப அவ கம்ப்யூட்டரைப் போடுவா. தெறக்காது. "ஏனுங்க, பாஸ்வேர்டு ஏத்துக்க மாட்டேங்குது"ன்னு கூப்புடுவா. நான் மெதுவாப் போவேன். "நீ அக்கட்டால திரும்பிக்கோ"ன்னு சொல்லுவேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்காகவே ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தனுங்க.

அவ வந்து உக்காந்தா. நாலு நம்பரைத் தட்டுனா. தெறந்துக்கிச்சு!

எனக்கு ஒண்ணும் புரியல. அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. போன வருசம் யாரோ சொல்லிக் குடுத்தாங்கன்னு பாஸ்வேர்டு இல்லாம நாலு நம்பர்லயே தெறக்கறாப்ல அவ பண்ணி வெச்சிருந்தா. நான் முன்வாசல்ல பெரிய பூட்டாப் போட்டுட்டு மீசையை முறுக்கிக்கிட்டு நிக்கறேன், அவ பொடக்காலி வழியா உள்ள போயி வேலையைப் பாக்கறா. சரி, போச்சாது, பாஸ்வேர்டாவது எனக்கு மட்டுந் தெரியுமேன்னு மனசைத் தேத்திக்கிட்டுக் காப்பியைக் குடிச்சேன்.

"ஏனுங்க, இங்க வாங்க. என்னமோ செகப்பாக் காட்டுது."

போயிப் பாத்தேன். பால் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகலைன்னு போட்டிருந்துச்சு.

அந்த சர்வீஸ்ங்கறது என்னன்னா, கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் கூப்புடாமத் தானா எந்திரிச்சு, கண்ணுக்குத் தெரியாமப் பின்னால வேலை செய்யற ஒண்ணு. மெஷின் பாத்த கொழுப்பைக் கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். அது எந்திரிக்காட்டி சிலிப் வராது. சிலிப் இல்லாட்டி யூனியன் வண்டிக்காரரு பாலை ஏத்த மாட்டாரு. கையில எழுதிக் குடுத்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு.

வண்டி ஏழேகாலுக்கு வரும். அஞ்சு நிமிசம் நிக்கும். போயிரும். போன மாசம் ஒருக்கா கரண்டு இல்லாம வண்டியைத் தப்ப விட்டு அத்தனை பாலும் திரிஞ்சு போச்சு. அன்னைக்கே மேலாபீசுல இருந்து ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாரு: "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா சென்டரை அடுத்த ஊருக்கு மாத்திருவோம்." சங்கரி அவரை வாசல் வரைக்கும் அனுப்பிட்டு வந்தா. அப்பறம் பொடக்காலியில போயித் தனியா நின்னுட்டு வந்தா. அந்தச் சென்டரு அவளுக்கு உசுரு மாதிரிங்க.

இப்ப மணி ஆறு.

"அமத்திட்டு மறுக்காப் போடு, செரியாயிரும்"னேன்.

அமத்திப் போட்டா. செகப்பு. மறுக்கா. செகப்பு. மறுக்கா. அதே செகப்பு.

வரிசையில மொதல் ஆளு பூவாத்தாக்கா. ரெண்டு கேனோட நிக்கறாங்க. நான் அந்த ஊருக்கே மாப்ளைங்கறதால அவிங்களுக்கும் மாப்ளதான்.

"ஏனுங் மாப்ள, எம்பட மாடு கறந்து ஒரு மணி நேரமாச்சு. மெஷினு எந்திரிக்குமா, இல்ல உங்களை மாதிரி ஏழு மணிக்குத்தான் எந்திரிக்குமா?"

"இதோ ஆச்சுங்க்கா."

எனக்குத் தெரிஞ்ச ரிப்பேரெல்லாம் பண்ணுனேன். தட்டுனேன். ஊதுனேன். ஒயரையெல்லாம் புடுங்கிச் சொருகுனேன். கடைசீல துணியெடுத்துத் தொடைச்சேன். கம்ப்யூட்டர் பளபளன்னு ஆச்சு. அந்தச் செகப்பு முன்னைக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சுது.

ஆறு இருவது.

சங்கரி அவ போனுல சுதீப்பைக் கூப்புட்டு, ஸ்பீக்கர்ல போட்டு என்னைப் பேச வெச்சா. மெஷின் கம்பெனி டெக்னீசியன். பாலக்காட்டு டவுன்ல கல்பாத்தி அக்ரகாரத்துல ஊடு. தங்கமான பையன், அவிங்க பேசற தமிழே தனி.

"சார், இன்னிக்கு நேக்கு அவதியாக்கும்"னான்.

எங்க பக்கம் மலையாளத்துல லீவுக்கு அவதின்னு பேரு. "இங்கயும் அவதிதான் தம்பி. பால் சர்வீஸ் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னேன்.

"சரி, சர்வீசஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கும், தொறந்துக்கோங்கோ. அதுல நம்மளுதுக்கு நேரா என்ன காட்றது?"

"ஒண்ணுங் காட்டலீங்க. காலியா இருக்குது."

"அப்போ ஓடலே. அதும்மேல கிளிக் பண்ணி ஸ்டார்ட் குடுங்கோ."

குடுத்தேன். டிங்குன்னு ஒரு சத்தம்.

"எரர் வறதா? இன்னொரு வாட்டி குடுத்துப் பாருங்கோ. நம்பர் என்ன?"

மறுக்காக் குடுத்தேன். "அதேதான் தம்பி. ஆயிரத்து அறுவத்தொம்போது."

"ஓ, அதுவா!" அவனுக்கு ஒரே சந்தோசம். "லாகான் ஃபெயிலியர் சார். ஒண்ணுமில்லே. அந்த சர்வீஸ் ஒங்க பேர்ல, ஒங்க பாஸ்வேர்டை வெச்சுண்டாக்கும் ஸ்டார்ட் ஆறது. யாரோ பாஸ்வேர்டை மாத்தியிருக்கா. அது பழசைச் சொல்லிண்டு வாசல்லயே நிக்கறது, உள்ள விடமாட்டேங்கறா. யார் மாத்தினான்னு கேளுங்கோ."

நான் துணியை எடுத்து மறுக்காக் கம்ப்யூட்டரைத் தொடைச்சேன்.

சங்கரி என்னைப் பாத்தா. பூவாத்தாக்கா என்னைப் பாத்தாங்க. வரிசையில பின்னால இருக்கறவங்க எட்டி எட்டிப் பாத்தாங்க.

"யாரும் மாத்தலீங்களே!"ன்னேன். என்ற கொரலு எனக்கே வேற யாரோ பேசறாப்ல இருந்துச்சு.

"மாத்தாமே இந்த எரர் வராது கேட்டேளா."

"நேத்துக் கரண்டு போயிப் போயி வந்துச்சு தம்பி."

"கரண்ட் பாஸ்வேர்டை மாத்தாது சார்."

"வைரசு?"

"நெட்டே ஆஃப்லே வெச்சிருக்கேளே."

"எலி எதாச்சும்..."

"எலி ஒயரைக் கடிக்கும் சார். பாஸ்வேர்டையெல்லாம் கடிக்காது."

வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. சங்கரி சிரிக்கல. கோவிச்சுக்கவும் இல்ல. எந்திரிச்சுப் போயி ஒரு கேனோட மூடியைத் தெறந்து மோந்து பாத்தா. மூடுனா. துண்டுல கையைத் தொடைச்சா. "கொஞ்சம் பொறுங்க்கா"ன்னு பூவாத்தாக்காகிட்டச் சொன்னா.

காலைல இருந்து அதை அவ சொல்றது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவைக்கும் கொரலு எறங்கிக்கிட்டே வந்துச்சு. இருவத்திரெண்டு வருசத்துல அவ கொரலு எறங்கி நான் கேட்டதே இல்லீங்க. என்னை வெய்யட்டும், பாத்திரத்தை உருட்டட்டும், அதெல்லாம் எனக்குப் பழக்கம். இது தாங்க முடியல. மணி ஆறே முக்கால். என்ற ஒரு ரகசியத்துக்காக முப்பத்தெட்டு ஊட்டுப் பாலு திரியப் போவுது, அவ சென்டரு போகப் போவுது, நான் எலி மேல பழி போட்டுக்கிட்டு நிக்கறேன். வெக்கமாப் போச்சுங்க.

"சங்கரி, பாஸ்வேர்டை நாந்தான் மாத்துனேன்."

"தெரியுமுங்க."

"தெரியுமா? எப்ப?"

"எலி வரைக்கும் போனீங்களே, அப்ப. சீக்கரம் புதுசைப் போடுங்க."

சுதீப்பு வழி சொன்னான். சர்வீசோட ப்ராப்பர்ட்டீஸைத் தொறந்து, லாகான்னு இருக்கற எடத்துல புதுப் பாஸ்வேர்டை ரெண்டு தடவை அடிச்சு, ஓகே குடுத்து, ஸ்டார்ட் குடுக்கோணும். அவ்வளவுதான், ரெண்டு நிமிச வேலை. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. உசுரு வந்ததும் கூடவே கொழுப்பும் வந்துச்சு. ரகசியத்தை இன்னும் காப்பாத்திக்கலாமே!

"நீ அக்கட்டால திரும்பிக்கோ"ன்னேன்.

சங்கரி என்னை ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிக்கிட்டா. பூவாத்தாக்காவும் திரும்பிக்கிட்டாங்க. வாசல் வரைக்கும் நின்ன அத்தனை பேரும் வரிசையாத் திரும்பி நின்னாங்க. ஒரு பாஸ்வேர்டுக்கு இத்தனை மரியாதை நான் எங்கயும் கண்டதில்ல.

ஸ்டைலா அடிச்சேன். ஸ்டார்ட் குடுத்தேன்.

டிங்.

ஆயிரத்து அறுவத்தொம்போது.

"சார், ஸ்பெல்லிங்கைப் பாத்து அடிங்கோ"ன்னான் சுதீப்பு. "ஒண்ணு சொல்லணும். பத்து வாட்டி தப்பாப் போட்டேள்னா அக்கவுண்ட் பூட்டிக்கும். அப்பறம் பத்து நிமிஷத்துக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. இதுவரைக்கும் எத்தனை வாட்டி ஆயிருக்கும்?"

கணக்குப் போட்டோம். காலைல மொதல்ல போட்டது ஒண்ணு. சங்கரி அமத்திப் போட்டது மூணு. நான் ஸ்டார்ட் குடுத்தது ரெண்டு. இப்ப ஒண்ணு. ஏழு. பாக்கி மூணு.

"வேற வழியில்லையா தம்பி?"

"இருக்கு. நான் நேர்ல வரணும். ஒரு மணி நேரமாகும்."

மணி ஆறு அம்பத்தஞ்சு.

என்ற கை கீபோர்டு மேல அந்தரத்துல நிக்குது. நேத்து என்ன அடிச்சேன்? கோழிக்குழம்புதான், அதுல சந்தேகமில்ல. ஆனா எப்பிடி அடிச்சேன்? எல்லைக்கு அந்தக் கரையில நான் படிச்சப்ப எங்க ஊருக்காரங்க இந்த 'ழ' எழுத்துக்கு எல் போடுவாங்க. இந்தக் கரையில எல்லாப் போர்டுலயும் இசட் ஹெச். நான் ரெண்டுக்கும் நடுவுல குடியிருக்கற ஆளு. கோழி, குழம்புன்னு ரெண்டு எடத்துல அந்த எழுத்து வருது. அதுல எங்க எதைப் போட்டேன்?

கேக்காம முடியாது. கேட்டா ரகசியம் போச்சு. வாசல்ல பாலு வெயிலேறிக்கிட்டு இருக்குது.

"தம்பி"ன்னேன் போனுல, முடிஞ்ச மட்டும் மெதுவா. "இந்தக் கோழி இருக்குதில்லீங்களா... அதுக்கு இங்கிலீசுல எந்த எழுத்து வரும்?"



"எது சார்? கோழியா?"

"ஆமா. கோழிக்குழம்பு."

"சிவ சிவா! நேக்கு அது பழக்கமில்லே சார். ஸ்பெல்லிங்கும் பழக்கமில்லே."

திரும்பி நின்ன முப்பத்தெட்டுப் பேரும் ஒண்ணா இந்தப் பக்கந் திரும்பினாங்க. அந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க, கொழிஞ்சாம்பாறை டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். சங்கரி மட்டும் கடைசீல திரும்பினா.

"என்னதுங்க பாஸ்வேர்டு?"

"அது வந்து..."

"மாப்ளைக்கு மனசு பூரா அங்கதான் கெடக்குது"ன்னாங்க பூவாத்தாக்கா. "விடு அம்மிணி, மொதல்ல பாலைப் பாரு. மாப்ள, இசட் ஹெச் போடுங்க. பஸ்ஸு போர்டுல நம்மூரு பேரு அப்பிடித்தான் இருக்குதுன்னு கண்டக்டர் சொல்லுவாப்டி. ஊரு கோழிக்கு எதுவோ அதுதான் கொழம்புக் கோழிக்கும்."

"அது போட்டாச்சுங்க்கா. ரெண்டு எடத்துலயும் இசட் ஹெச் போட்டுத்தான் ஏழாவது போச்சு."

"அப்ப கோழிக்கு மட்டும் போடுங்க. கொழம்புக்கு எல் போடுங்க"ன்னு பின்னால இருந்து ஒருத்தர்.

போட்டேன். டிங். எட்டு.

"ரெண்டுக்கும் எல்லு போடுங்க, நீங்க அந்தக் கரை ஆளுதானே"ன்னு இன்னொருத்தர்.

நியாயமாப் பட்டுச்சு. கோலி. குலம்பு. அடிச்சேன். டிங். ஒம்போது.

கால்வாய்த் திருப்பத்துல வண்டி ஆரன் சத்தம் கேட்டுச்சு. ஏழு பத்து. எல்லாரும் சிரிக்கறதை நிறுத்திட்டாங்க. பாக்கி ஒண்ணே ஒண்ணு. என்ற மூளை வெத்துப் பானையாட்டம் இருக்குது.

"எந்திரிங்க"ன்னா சங்கரி.

எந்திரிச்சேன்.

"உங்க போனைக் குடுங்க."

"அது எதுக்கு இப்ப?"

"குடுங்க!"

குடுக்கறதுக்கு முந்தியே அவளே என்ற சட்டைப் பையில இருந்து எடுத்துக்கிட்டா. ஒரே இழுப்புல தெறந்தா. வாட்ஸப்புக்குள்ள போனா. தேடற எடத்துல என்னமோ மூணெழுத்து அடிச்சா. நான் எட்டிப் புடுங்கப் பாத்தேன். ஏன்னா அங்க என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

வேலந்தாவளத்துல ஒரு ஓட்டல் இருக்குதுங்க. பேரு வேண்டாம். கம்பெனி போற வழியில்ல. சுத்திக்கிட்டுப் போனா வழிதான். பார்சல் சொல்றதெல்லாம் வாட்ஸப்புல, இங்கிலீசு எழுத்துல.

"‘அண்ணா, ஒரு கோளிக்கொளம்பு பார்சல்’. போன புதன்கெழமை"ன்னு படிச்சா. கொரலு அசையல. "‘அண்ணா, கோளிக்கொளம்பு ஆயிருச்சா’. வெள்ளிக்கெழமை. ‘அண்ணா, நேத்துக் கோளிக்கொளம்பு சூப்பர்’. சனிக்கெழமை. ‘அண்ணா, கோளிக்கொளம்பு கெட்டியா வேணும்’..."

"பதினொண்ணு"ன்னாங்க பூவாத்தாக்கா. எட்டிப் பாத்து எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க.

"சங்கரி, அது வந்து, கம்பெனியில ஒரு சிநேகிதனுக்கு..."

"பேசாதீங்க. ஒளிச்சுப் பண்றப்ப மனுசன் எழுத்தையா யோசிப்பான்? கை பழகுனபடிக்குத்தான் போவும். உங்க வாயி குழம்பைக் கொளம்புங்குது. உங்க கையும் அதையேதான் எழுதுது."

உக்காந்தா. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக்கிட்டே அடிச்சா. "கே, ஓ, எல், ஐ. கே, ஓ, எல், ஏ, எம், பி, யு." மறுபடியும் அதையே. ஓகே குடுத்தா. கை ஸ்டார்ட் மேல போயி நின்னுச்சு. ஒரு நொடி கண்ணை மூடுனா. நானும் மூடிக்கிட்டேன். வாசல்ல வண்டி வந்து நிக்கற சத்தம்.

டிங் வரலீங்க.

பச்சையா ஒரு கோடு மெதுவா நவுந்துச்சு. நவுந்துச்சு. நவுந்துக்கிட்டே இருந்துச்சு. பட்டுனு ரன்னிங்னு காட்டுச்சு. மெஷின் கீச்சுன்னு கத்துச்சு.

"ஓடறதா?"ன்னான் சுதீப்பு.

"ஓடுது சாமீ!"ன்னாங்க பூவாத்தாக்கா, கேனைத் தூக்கிக்கிட்டே.

அப்பறம் நடந்ததைச் சொன்னா நம்ப மாட்டீங்க. அரைமணி நேர வேலையை அவ பன்னெண்டு நிமிசத்துல முடிச்சா. வண்டிக்காரரு அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டேன்னு எறங்குனாரு. பூவாத்தாக்கா அவரைப் புடிச்சு உக்கார வெச்சு, கோழிக்கொளம்புக் கதையை மொதல்ல இருந்து சொன்னாங்க. அந்த மனுசன் சிரிச்சுச் சிரிச்சு நேரத்தையே மறந்துட்டாரு. கடைசிக் கேனும் ஏறுச்சு. வண்டி போச்சு. என்ற மானத்தை எரிச்சுத்தான் அன்னைக்கு வண்டியே நின்னுச்சுன்னு வெச்சுக்கங்க.

கூட்டம் கலைஞ்சுது. சங்கரி அப்பிடியே நாற்காலியில உக்காந்தா. ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடிக்கப் போனா. நான் ஓடிப்போயி வாங்கிச் சூடு பண்ணிக் கொண்டாந்தேன். குடிச்சா. வசவு இப்ப வரும், இப்ப வரும்னு செவுத்தோரமா நின்னேன்.

வரல. சுதீப்பைத்தான் மறுக்காக் கூப்புட்டா.

"அந்த சர்வீஸ் யாரு பாஸ்வேர்டையும் நம்பாமத் தானா எந்திரிக்கறாப்ல பண்ண முடியுங்களா?"

"பேஷாப் பண்ணலாம் மேடம்."

அவன் சொல்லச் சொல்ல இவ அடிச்சா, ரெண்டு நிமிசத்துல ஆச்சு. இனி அது என்னை நம்பி இல்ல. அப்பறம் கம்ப்யூட்டரை அவ பேருக்கு மாத்துனா. எனக்குன்னு தனியா ஒரு சின்ன அக்கவுண்டு தெறந்தா.

"அதுக்கு என்ன பேர் போடறேள் மேடம்?"ன்னான் சுதீப்பு.

"ஒறம்பரைன்னு போடறேன்."

ஒறம்பரைன்னா எங்க பக்கம் விருந்தாளிங்க.

போனை வெச்சுட்டு என் பக்கந் திரும்பினா. கொரலு தணிஞ்சிருந்துச்சு. "ஏனுங்க, உங்களுக்குன்னு ஒரு ரகசியம் வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமுல்ல? நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்? இந்தாங்க, இது உங்க அக்கவுண்டு. நீங்களே ஒரு பாஸ்வேர்டு வெச்சுக்கங்க. சத்தியமா நான் கேக்க மாட்டேன். எட்டியும் பாக்க மாட்டேன்."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க. எப்பேர்ப்பட்ட பொம்பளை! இவகிட்டயா ஒளிச்சு வெக்கப் பாத்தேன்னு என் மேலயே எனக்குக் கோவம் வந்துச்சு.

அன்னைக்குக் கஞ்சிக்கோட்டுல பகல் பூரா எனக்கு வேலையே ஓடல. போல்ட்டுக் கேட்டவனுக்கு நட்டைக் குடுத்தேன். மனசு பூரா பாஸ்வேர்டுதான். இந்தத் தடவை கோழி கிடையாது. ஆசைப்பட்டதை வெச்சு மாட்டுனது போதும். உலகத்துல ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாத ஒண்ணைப் புடிச்சேன். வேலந்தாவளம் பக்கமே திரும்பாம நேரா ஊட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அவ வாசல்ல கேன் கழுவிக்கிட்டிருந்தப்ப உக்காந்து, கதவைச் சாத்தி, ஒவ்வொரு எழுத்தையும் மூணு தடவை சரிபாத்து வெச்சேன். எங்கயும் எழுதி வெக்கல. போனுல அடிக்கல. வாயைத் தெறந்து சொல்லல. உங்களுக்குக்கூட அது என்னன்னு சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன்.

காலைல சங்கரி காப்பியைக் கொண்டாந்து கையில குடுத்தா. போகத் திரும்புனவ நின்னா.

"ஏனுங்க, ராத்திரி நீங்க தூக்கத்துல ஒளறுனதைக் கேட்டா, மீன் குழம்புக்கு மட்டும் இசட் ஹெச் சரியாப் போட்டிருக்கீங்களாட்ட இருக்குது!"